சிவப்புப் பொத்தானை அமுக்கியவர்

கனடாவில், மிசிசாகா தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மெசினில் நின்ற சீனர், தன் ஊரில் ஆங்கிலேயர் தோண்டிவிட்டுப்போன நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். குள்ளம், அகன்ற தோள், புருவம் இல்லை. எல்லோருடைய நேர அட்டைகளையும் எண்ணிய பிறகுதான் வீட்டுக்குப் போவார்.

ஒருநாள் வேலை முடிந்ததும் நான் அட்டை அடிக்க மறந்து வீட்டுக்குப் போய்விட்டேன். அவர் சிவப்புப் பொத்தானை அமுக்கி, மெசின்கள் எல்லாவற்றையும் நிறுத்தி, என்னைத் தேட வைத்தார்.

மறுநாள் சுப்பர்வைசர் அண்ணை, "பிள்ளை, உம்மாலை உந்தாளின்ரை வேலை போகப்போகுது" என்றார், சீனரைக் காட்டி.

மனேஜரிடம் ஓடிப்போய், பிழை என்னுடையது என்றேன்.

"இனி நிறுத்தமாட்டேன் என்று சொல், போதும்" என்றார் மனேஜர் சீனரிடம்.

"அட்டை வராவிட்டால் ஆள் மண்ணுக்குள். நிறுத்துவேன்."

"இங்கே பிளாஸ்டிக் வாளிதானே செய்கிறோம்?"

"நிறுத்துவேன்."

அவருடைய வேலை போனது. அவருக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டுமா, புதையாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டுமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.