மிரோஜன் அடைத்த உளுந்தளவுக் குழி

சப்த தீவுகளிலும் முதன்முதலாகக் கரண்ட் கிற்றார் வாசித்த பெண் நான்தான். ஊர்காவற்றுறையில் நான் ஒரு கம்பியைத் தட்ட, நெடுந்தீவில் குதிரைகள் காதை விடைத்துக்கொண்டு நின்றன. இதில் முக்கால்வாசி என் கைச்சரக்கு. கிற்றாரைத் தொட்டது மட்டும் உண்மை. அதுவும் பக்கத்து வீட்டில் தூசி துடைப்பதற்கு.

அந்த வீட்டில் வளர்ந்தவர்கள் அண்ணன் தம்பி இருவர். மூத்தவன் மிரோஜன் இப்போது கரையோரம் குடியிருக்கிறான். பைபர் போட் திருத்துவது தொழில். கடலடிப் பாறைப் பாரில் அடிபட்டு வருகிற போட்டுக்குப் பசை பூசி, பைபர் துணி ஒட்டி, காய்ந்ததும் அரத்தாளால் தேய்த்து மினுக்கினான் என்றால், எங்கே உடைந்தது என்று போட்டுக்காரனுக்கே தெரியாது.

இளையவன் ஜெனிஸ்ரன் கடலுக்குப் போகிறவன். கோயில் பாடற்குழுவில் கிற்றார் வாசிப்பான், கிற்றார் விற்கவும் செய்தான். வெளிநாட்டுத் தொழிற்சாலையில் கடைசிச் சோதனையில் ஒதுக்கியவற்றைக் கொழும்பில் மொத்தமாக இறக்குவார்கள். பூச்சில் ஒரு குமிழி, விளிம்பில் ஒரு கீறல், அவ்வளவுதான், சத்தத்தில் குறையிராது. ஆனால் தலைப்பக்கத்தின் பின்னால், இரண்டாந்தரம் என்பதற்கு அடையாளமாக, '2' என்று குத்தியிருக்கும்.

செவுளைத் திறந்து காட்டி மீன் விற்பதுபோல, ஜெனிஸ்ரன் கிற்றாரைத் திருப்பி முதலில் அந்த இரண்டைத்தான் காட்டுவான். பிறகு வாங்க வந்தவரின் விரலைப் பிடித்துப் பழுதின் மேலேயே வைப்பான்.

"வடிவாத் தடவிப் பாரும். பிறகு என்ரை வாசலிலை வந்து நிண்டு கத்தக்கூடாது."

"இப்பிடி விக்கிறவனுக்கு ஆரடா பெண் குடுப்பினம்?" என்று கேட்டேன்.

"மேர்சியிட்டையும் என்ரை பழுதெல்லாம் காட்டித்தான் கேட்டனான், ரீச்சர்."

மேர்சி அதற்குப் பிறகும் சம்மதித்து, அந்த வீட்டு மருமகளானாள்.

தனக்கென்று அவன் வைத்துக்கொண்டது ஒரு நீலக் கிற்றார். வலது கை படிகிற விளிம்பில் பூச்சு வெடித்து, உளுந்தளவு குழி. பாட்டின் சொல் மறந்தால் பெருவிரல் நகத்தை அதற்குள் விட்டு நோண்டுவான். நோண்டி நோண்டிக் குழியின் ஓரம் வழவழத்துப் போயிருந்தது.

போன வருடம் சோழகக் காற்றில் அவனுடைய போட் நெடுந்தீவுக்கு அப்பால் வெறுமையாக மிதந்தது. ஆள் வரவில்லை. உடலும் வரவில்லை.

தாய் மேரிஜோசப்பினுக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது. ஆளைக் குரலில்தான் அறிவார். மகனின் படத்தை வைத்து அவர் என்ன செய்வார்? மத்தியானச் செபம் முடிந்ததும் நீலக் கிற்றாரை மடியில் கிடத்தி, பெருவிரலைக் குழிக்குள் வைத்தபடி இருப்பார். மேர்சி சோறு போட்டுக்கொண்டு வந்து நிற்பாள், கூப்பிடமாட்டாள். பகல் முழுதும் கரையில் நிற்கிற மிரோஜனுக்கு இது தெரியாது.

ஜெனிஸ்ரனின் ஆண்டுப் பூசை வந்தது. பீடத்தின் முன் படத்தோடு கிற்றாரையும் வைப்பதென்று பேச்சு. பெருநாளுக்குக் கோயிலடிக்கு ஆசீர்வாதத்துக்குக் கொண்டுபோகிற போட்டை, ஒரு கீறலும் தெரியாமல் மினுக்கித்தான் கொண்டுபோவது எங்கள் கரை வழக்கம். தம்பியின் கிற்றாரை மட்டும் பழுதோடு கொண்டுபோவதா என்று மிரோஜன் நினைத்தான். வந்து கேட்டான். கம்பி மாற்றத்தான் கேட்கிறான் என்று மேர்சி எடுத்துக் கொடுத்தாள்.

போட்டுக்குப் பூசுகிற அதே பசையால் குழியை அடைத்தான். தேய்த்தான். நீலத்துக்கு நீலம் கலந்து பூசினான். பின்னால் குத்தியிருந்த '2' என்ற அடையாளத்தையும் விடவில்லை. மூன்றாம் நாள் பெருமையோடு தாயின் மடியில் கொண்டுவந்து வைத்தான். நானும் அங்கே நின்றேன்.

"அம்மா, தம்பியின்ரை கிற்றார். புதுசு மாதிரிச் செய்திருக்கிறன்."

கிழவியின் பெருவிரல் விளிம்பில் ஒருதரம் போனது. திரும்பி வந்தது. மறுபடியும் போனது.

"இது அவன்ரை இல்லை. ஆரின்ரையோ மாத்திக்கொண்டு வந்திட்டாய்."

"அவன்ரைதான், அம்மா. இதிலை ஒரு குழி இருந்தது. அதை அடைச்சனான்."

"அடைச்சுப்போட்டியோ?"

மேர்சி அவனை வெளியே கூட்டிப்போய், மத்தியானங்களைப் பற்றிச் சொன்னாள். அவன் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பிறகு ஒரு கிழமை மிரோஜனின் கொட்டிலில் போட்டுகள் திருத்தாமல் கிடந்தன. குழியை அடைத்தது கடல் அடித்தும் கழலாத பசை. மினுக்கிய நீலத்தில் குழி இருந்த இடம் அவனுக்கே மட்டாகத் தெரியவில்லை. கிண்டக் கிண்ட மரத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்தது. உளியை விட்டுவிட்டு ஊசியால் கிண்டினான். கிண்டிய ஓரம் கூராக நின்றது. தம்பி வருடக்கணக்கில் செய்ததை, தன் நகத்தாலும் விரலாலும் ஏழு நாளில் செய்யப் பார்த்தான்.

பூசைக்கு முதல்நாள் திரும்பவும் கொண்டுவந்து தாயின் மடியில் வைத்தான். அவருடைய பெருவிரலைப் பிடித்துக் குழியில் வைத்தான். மேரிஜோசப்பின் குழியின் ஓரத்தை விரலால் சுற்றிப் பார்த்தார். பிறகு அவன் கையைத் தடவி, "ஓமடா, இதுதான். இது அவன்ரைதான்" என்றார். மிரோஜன் தலையாட்டிக்கொண்டு கோயிலுக்கு, ஆட்கள் இருக்கக் கதிரைகள் இறக்கப் போனான். கிழவி மகனைத் திரும்பப் பெற்றார்.

இவ்வளவையும் எழுதி மேர்சிக்கு வாசித்துக் காட்டினேன். குசினி வாசலில் மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"குதிரைக் கதையை விடுங்கோ ரீச்சர், அது உங்கடை பொய். கடைசியும் பிழை. மாமி நம்பேல்லை. மிரோஜன் அத்தான் அங்காலை போனாப் பிறகு என்னைக் கூப்பிட்டுச் சொன்னவ: 'குழி இடம் மாறியிருக்கு, பிள்ளை. ஆனா மூத்தவன்ரை விரலெல்லாம் புண். அவனுக்குச் சொல்லிப்போடாதை.'"