காலியாக விட்ட கட்டம்

போன வெள்ளிக்கிழமை சங்கரன்கோவிலில் ஒரு சண்டை பார்த்தேன். வேறெங்கும் இல்லை, எங்கள் வீட்டு முன்னறையில்தான்!

என் மனைவி பாலிடெக்னிக்கில் சி என்ற கம்ப்யூட்டர் லாங்குவேஜ் பாடம் எடுத்தவர். ரிட்டயர் ஆனதும் திருமணத் தகவல் மையம் தொடங்கிவிட்டார். வரன் விவரங்களைச் சேமிக்கும் புரோகிராமும் அவரே சி-யில் எழுதியது. ரெடிமேடாக வாங்கினால் என்ன? கேட்டுப் பாருங்களேன்... அன்றைக்குச் சாப்பாடு கிடைக்காது.

வந்தவர் இளையரசனேந்தல் பக்கம் ஆடு வைத்திருப்பவர். கூடவே மகள், அவளுக்குத்தான் வரன். கையில் முதல்நாள் நாங்கள் கொடுத்த, மகளின் விவரங்கள் அடங்கிய பிரிண்ட்.

"ஏம்மா, உடன்பிறந்தவுக எடத்துல ஒண்ணும் போடாதீங்கன்னு சொன்னேன்லா? 'ஒரு அக்கா, திருமணமானவர்'னு போட்டிருக்கியளே! யாரு சொன்னா ஒங்களுக்கு?"

யாரும் சொல்லவில்லையே! மனைவி புரோகிராமைத் திறந்து பார்த்தார். கொஞ்ச நேரத்தில் தலையில் அடித்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். டேட்டாபேஸுக்குப் போகும் கட்டளையில் விவரங்கள் வரவேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறிகள் இருக்கும். ஒவ்வொரு கேள்விக்குறியோடும் ஒரு விவரத்தைக் கட்டிவிட வேண்டும் — பைண்ட் செய்வது என்பார்கள். காலியாக விட்டால் இவருடைய புரோகிராம் எதையும் கட்டாது. ஆனால், அடுத்த ஆளுக்காக அந்தக் கட்டளையை ரீசெட் செய்து, முதலிலிருந்து ஓடத் தயாராக்கினாலும் முந்தைய ஆளுக்குக் கட்டியது அவிழாது. அவிழ்க்கச் சொல்லித் தனியாக ஒரு வரி வேண்டும். அது விட்டுப்போயிருந்தது. கழுவாத கிளாஸில் அடுத்தவருக்கு டீ!

"ஒங்களுக்கு முன்னால பதிஞ்ச புள்ளையோட அக்கா, அண்ணாச்சி. இங்கன வந்து ஒட்டிக்கிட்டா. இப்பவே அழிச்சிருதேன்" என்றார் மனைவி.

அண்ணாச்சிக்குக் கோபம் இறங்கியது. மகளுக்கு ஏறியது.

"அழிக்காதீங்க டீச்சர். எனக்கு நெசமாவே அக்கா உண்டு. அவளா ஒருத்தரக் கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு வீட்டுல அவ பேரையே எடுக்கக் கூடாதுங்காவ அப்பா. அக்காவ இல்லன்னு சொல்லி வார மாப்பிள்ள எனக்கு வேண்டாம்."

அண்ணாச்சி மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்விடுவாரோ?

"கெடக்கட்டும்" என்றார் கடைசியில். அப்புறம், மெதுவாக... "மூத்த மாப்பிள்ள டிரைவர் வேல பாக்காரு. அதையும் சேத்துப் போட்டுக்கோங்க."

அந்தப் பெண் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அன்று மாலையே மனைவி அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டார். இனி ஒருவர் விவரம் அடுத்தவருக்குப் போகாது. நல்லதுதான்... ஆனால், அதை முதல்நாளே சேர்த்திருந்தால் ஒரு அக்கா இல்லாமலே போயிருப்பாளே!