ஆபத்துக்கு வைத்த கத்தி

போன மாதம் தம்பி புது கார் வாங்கினான். நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, எல்லாம் முடிந்த பிறகு அப்பா சட்டைப் பையிலிருந்து அந்தச் சனியனை எடுத்தார். மடக்கினால் உள்ளங்கையில் அடங்கிவிடும் வெளிநாட்டுக் கருவி. கத்தி, குறடு, திருப்புளி, ரம்பம் என்று ஒன்றுக்குள் ஒன்றாக மடங்கிக் கிடக்கும். அதன்மேல் புதிதாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துத் தம்பியின் கையில் கொடுத்தார். "உன் உயிரைக் காப்பாத்துனதுடா இது. டேஷ்போர்டுலயே வச்சுக்கோ." தம்பி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவனுடைய மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தக் கருவி யார் உயிரையும் காப்பாற்றவில்லை. அது திறக்கவே இல்லை. எனக்குத் தெரியும், நான் அங்கே இருந்தேன்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. தம்பி இன்னும் பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்கவில்லை. செம்பாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்தில் வீடு. அப்பா ஒரு வங்கியில் அதிகாரி. அம்மா எழும்பூரில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். தினமும் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போய் வருவாள். அப்பா செகண்ட் ஹாண்டில் ஒரு சின்னக் கார் வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் குளிப்பாட்டுவதில் அவர் காட்டிய அக்கறையில் கால்வாசியை எங்களைக் குளிப்பாட்டுவதில் காட்டியிருந்தால் அம்மாவுக்கு ஒரு நாளாவது ஓய்வு கிடைத்திருக்கும்.

துபாயில் இருந்த சித்தப்பா அந்தக் கருவியை வாங்கி வந்து கொடுத்ததும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. காலனியில் யார் எதிரே வந்தாலும் பிரசங்கம்தான். "வண்டின்னா உள்ள ஒரு கத்தி இருக்கணும் சார். ஏரியில இறங்கிடுச்சுன்னு வைங்க, கதவு திறக்காது, பெல்ட் கழலாது. அப்ப என்ன பண்ணுவீங்க?" கேட்டவர் விழிப்பார். அப்பா ஒவ்வோர் அலகாக விரித்துக் காட்டுவார். ஏரியில் போய் விழும் அளவுக்கு அவர் வண்டியை வேகமாக ஓட்டியதே இல்லை என்பது வேறு விஷயம். வீட்டில் யாரும் அதைத் தொடக் கூடாது. ஒருமுறை அரிசி மூட்டையின் நைலான் கயிறு அவிழவில்லை என்று அம்மா அதைக் கேட்டாள். "இது எமர்ஜென்சிக்கு" என்று சொல்லிவிட்டார். அம்மா கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

ஆயுத பூஜை வந்தால் அதற்குத்தான் முதல் மரியாதை. அம்மாவின் அரிவாள்மனைக்குக்கூட ஒரே ஒரு பொட்டு. இதற்கோ ஒவ்வோர் அலகையும் விரித்து, குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பி, குங்குமம் வைத்து, ஈரம் காய்வதற்குள் மடக்கி டேஷ்போர்டுக்குள் வைத்துவிடுவார். பூஜையில் வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அடுத்த வருடம் பழைய சந்தனத்தின் மேலேயே புதுச் சந்தனம். பிரசங்கமும் குறைந்துவிட்டதால் இடையில் யாரும் அதைத் திறக்கவில்லை.

தம்பிக்கு மொட்டை போட ஒரு ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூர் முருகன் கோயிலுக்குப் போனோம். திரும்பி வரும்போது வெயில் கொளுத்தியது. அப்பா சாலையோரம் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுக் கரும்பு ஜூஸ் வாங்க இறங்கினார். அம்மா முன்சீட்டில். நானும் தம்பியும் பின்னால்.

பின்சீட்டு பெல்ட்டை எங்கள் வீட்டில் யாரும் போட்டதில்லை. போடவும் முடியாது. சீட்டுக்கு உறை தைத்தவன் அதை மாட்டும் கொக்கிகளை உறைக்கு அடியில் வைத்து மூடியிருந்தான். பட்டை மட்டும் பக்கவாட்டில் சும்மா தொங்கும். தம்பிக்கு அது விளையாட்டுச் சாமான். தலை முழுக்கச் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தவன் திடீரென்று, "நான் சிவன், இது பாம்பு" என்றான். பட்டையைக் கடைசி வரை இழுத்துக் கழுத்தில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டான். நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். கையை விட்டதும் பட்டை உள்ளே சுருங்க ஆரம்பித்தது. பயந்துபோய் அவன் வெடுக்கென்று இழுத்தான். அது பூட்டிக்கொண்டது. தளர்த்தினால் இன்னும் கொஞ்சம் சுருங்கியது, இழுத்தால் மறுபடி பூட்டியது. அவன் முகம் சிவந்து, பிறகு கறுத்தது. அழுகைச் சத்தம்கூட வரவில்லை.

நான் கத்தினேன். அம்மா இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில் இருந்த சந்து வழியாகப் பின்னால் பாய்ந்தாள். இடது கையின் விரல்களை அவன் கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவில் எப்படியோ நுழைத்தாள். பட்டை அவள் விரல்களை நசுக்கியது. மூச்சு போக அந்த விரல் அளவுதான் இடம்.

அப்பா ஜூஸ் டம்ளரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "இரு, இரு, பதறாத, டூல் இருக்கு!" என்று டேஷ்போர்டைத் திறந்தார். அந்தக் குரலில் பயத்தோடு கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்த எமர்ஜென்சி வந்தேவிட்டது அல்லவா? கருவியை எடுத்தார். கத்தியின் அலகை நகத்தால் நெம்பினார். வரவில்லை. ரம்பம் வரவில்லை. ஒன்றும் வரவில்லை. வருடா வருடம் அப்பிய சந்தனம் சிமென்ட் மாதிரி இறுகி, உள்ளே துருவும் பிடித்து, எல்லாம் ஒரே கட்டியாகிவிட்டிருந்தது. அவர் நகம் பிய்ந்தது. கீழே உட்கார்ந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மரத்தடியில் கிடந்த கல்லில் அதை ணங் ணங்கென்று தட்ட ஆரம்பித்தார்.

அம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என் ஹேண்ட்பேக்கைத் திற. அடியில கண்ணாடிக் கூடு இருக்கும், எடு" என்றாள் என்னிடம். அம்மா அப்போது கண்ணாடி போடுவதில்லை. அதைப் பற்றி யோசிக்க அது நேரமும் இல்லை. கூட்டைத் திறந்தேன். உள்ளே சிவப்புப் பிடி போட்ட சின்னக் கத்தி ஒன்று, கைக்குட்டையில் சுற்றி இருந்தது. அம்மா அதை வாங்கி, தன் விரல்களுக்கு மேலேயே வைத்து இழுத்தாள். இரண்டு இழுப்பு. பட்டை அறுந்தது. தம்பி ஒரு நீண்ட மூச்சை உள்ளே இழுத்து, வீறிட்டு அழுதான். அம்மாவின் இரண்டு விரல்களிலிருந்து ரத்தம் அவன் சந்தன மொட்டையில் சொட்டியது. அந்த நிலையிலும் அவள் முதலில் செய்தது, கத்தியைப் புடவையில் துடைத்துக் கூட்டுக்குள் வைத்து என்னிடம் நீட்டியதுதான். "பைக்குள்ள போடு."

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஜூஸ்காரர் முன்னால் வந்தார். "இன்னா சார் ஆச்சு? கொயந்தைக்கு ஒண்ணும் இல்லியே?" எட்டிப் பார்த்து, அறுந்து தொங்கிய பட்டையைப் பார்த்தார். பிறகு அப்பா கையில் இருந்ததைப் பார்த்தார். "இத்தாலயா சார் அறுத்தீங்கோ? நல்ல வேள, வண்டியில வச்சிகினு இருந்தீங்கோ!"

அப்பா அம்மாவைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு, "ஆமா" என்றார்.

அந்த ஒரு "ஆமா" பல்லாவரம் வருவதற்குள் ஒரு கதையாகிவிட்டது. செம்பாக்கம் வருவதற்குள் அவரே அதை நம்பிவிட்டார். சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள். கட்டுப் போட்ட கையோடு அம்மா எல்லோருக்கும் காபி போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா கூடத்தில் சித்தப்பாவோடு போனில் பேசினார். "நீ குடுத்த டூல்தான்டா புள்ளைய காப்பாத்துச்சு. அவசரத்துல அவ விரல்லயும் பட்டுடுச்சு, பாவம்." அவள் தானே தன் விரலை வெட்டிக்கொண்டு பிள்ளையை மீட்டிருக்கிறாள். அந்தக் காயத்தைக்கூட அவர் அவளுக்கு விட்டுவைக்கவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. "பொய்! அது திறக்கவே இல்ல! அம்மா பையில இருந்த கத்தியாலதான் அறுத்தாங்க!" என்று கூடத்தின் நடுவில் நின்று கத்தினேன்.

அப்பா மெதுவாகத் திரும்பினார். "அம்மா பையில கத்தியா? உன் பையில எதுக்குக் கத்தி?"

அம்மா சமையலறையிலிருந்து வந்த வேகத்தில் என் கன்னத்தில் ஒன்று வைத்தாள். அதற்கு முன் அவள் என்னை அடித்ததே இல்லை. "பெரியவங்க பேசும்போது என்னடி வாய்?" என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். "பீன்ஸ் நறுக்குற கத்திங்க. வரும்போது ரயில்ல உட்கார்ந்து நறுக்கிட்டு வருவோம்ல, அது. இவ ஏதோ பயத்துல உளறுறா. நீங்கதான் அறுத்தீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பெண்கள் பெட்டியில் காய் நறுக்குவதும் கீரை ஆய்வதும் நடக்கிற வழக்கம்தான். அப்பாவும் நிம்மதியாகச் சிரித்தார். "ரயில்ல மார்க்கெட்டே நடத்துறாங்கப்பா" என்றார். பீன்ஸ் கத்தி தோற்றது, வெளிநாட்டுக் கருவி ஜெயித்தது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. அப்பா பொய் சொன்னதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அம்மாவே அதற்குச் சாட்சி சொன்னதும், உண்மையைச் சொன்ன எனக்கு அடி விழுந்ததும்தான் நெஞ்சில் நின்றது. இவளுக்கு ரோஷமே கிடையாதா என்று நினைத்தேன். ரொம்ப வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

படிப்பு முடிந்து எனக்கு வேலை கிடைத்தபோது, கிளம்புகிற அன்று காலையில் அம்மா அந்தக் கண்ணாடிக் கூட்டை என் பையில் வைத்தாள். அப்போதுதான் சொன்னாள், அதுவும் சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டே. தம்பிக்கு ஒரு வயது இருக்கும்போது, தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்திலிருந்து ஒருவன் தினமும் அவள் பின்னாலேயே வர ஆரம்பித்தானாம். பஸ்ஸில் ஏறுவானாம். அவள் இறங்கும் இடத்தில் இறங்குவானாம். ஏரிக்கரைத் தெருவில் விளக்கு இல்லாத இடம் வந்ததும் நடையைக் கூட்டி நெருங்குவானாம். ஒரு நாள் முந்தானையைப் பிடித்தானாம். மறுநாள் அவள் ஸ்டேஷன் வாசலில் அந்தக் கத்தியை வாங்கினாள். அவன் அடுத்த முறை நெருங்கியபோது திரும்பி நின்று அதைக் காட்டினாள். அவன் போய்விட்டான். ஆனால் அவனோடு எல்லோரும் போய்விட்டார்களா என்ன?

"அப்பாகிட்ட ஏம்மா சொல்லல?" என்றேன்.

"சொன்னா அவனையா நிறுத்தியிருப்பாரு? என் வேலையைத்தான் நிறுத்தியிருப்பாரு" என்றாள்.

அவ்வளவுதான். அந்தக் கூடத்தில் என் கன்னத்தில் விழுந்தது எதற்கான அடி என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெருமையை அவரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு அவள் தன் சம்பளத்தையும் ரயில் பாஸையும் காப்பாற்றிக்கொண்டாள். அப்பாவின் எமர்ஜென்சி அவர் ஆயுளில் ஒரே ஒரு முறை வந்தது, அப்போதும் அவர் கத்தி திறக்கவில்லை. அம்மாவுக்கு அது வாரத்தில் ஆறு நாளும் சாயங்காலமானால் வந்தது. பிரசங்கம் கிடையாது, பொட்டு கிடையாது. இப்போது என் காரின் கதவுப் பையில் அந்தக் கூடு இருக்கிறது. அடிக்கடி திறந்து, துடைத்து, ஒரு துண்டுக் கயிற்றை அறுத்துப் பார்த்து வைக்கிறேன். தம்பியின் காரில் அந்தச் சந்தனக் கட்டி இருக்கிறது. அவன் குழந்தை பின்சீட்டில் உட்காரும் நாளுக்குள் அவனிடம் நான் சொல்லியாக வேண்டும். அம்மா வேண்டாம் என்கிறாள். இந்த முறை நான் கேட்கப்போவதில்லை.

ஒன்றை நினைத்தால்தான் இன்னும் ஆறவில்லை. ரயிலில் நறுக்கியதாகச் சொன்ன அந்த பீன்ஸ் ஒரு நாள்கூட நறுக்கி வந்ததில்லை. முழுசு முழுசாகத்தான் பையில் வரும். அம்மா முகம் கழுவிவிட்டுச் சமையலறைத் தரையில் அரிவாள்மனையோடு உட்காருவாள். எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக நார் உரித்து அவள் கையில் கொடுத்தது நான்தான்.