உப்பிட்ட புளி

புளியம்பழத்தின் ஓட்டை உடைக்கும்போது எழும் தூசுக்குப் புளிப்பும் மண்ணும் கலந்த வாசனை ஒன்று உண்டு. பங்குனி முழுக்க எங்கள் வீட்டில் கஞ்சிக்கும் பாய்க்கும் அம்மாவின் கைகளுக்கும் அந்த வாசனைதான். ஜவ்வாது மலையில் எங்கள் ஊரில், எழுபதுகளின் கடைசியில், புளி உலுக்கி முடிந்ததும் எஸ்டேட்டுக்கு ஆள் சேர்க்கும் கங்காணி லாரியோடு வருவார். பெண்கள் கூட்டமாகக் காப்பி எஸ்டேட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்களோடு அம்மாவும் போவார். மறு மாசி வரை வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்.

அப்பா புளியை ஓட்டோடு மூட்டை கட்டித் திருப்பத்தூர் மண்டியில் போட்டுவிட்டு, அவர்கள் சொன்ன விலைக்குத் தலையாட்டி வருவார். ஒரு வருஷம் அம்மா தானே சந்தையில் உட்கார்ந்து பார்ப்பதாகச் சொன்னார். அங்கே விற்றதைவிடக் கேட்டதுதான் அதிகம் என்று அப்பா சலித்துக்கொண்டார். கூடையைப் பார்த்துவிட்டு வாங்காமல் நகர்ந்தவர்களிடமெல்லாம், என்ன குறை என்று அம்மா கூப்பிட்டுக் கேட்டாராம். வாணியம்பாடியில் கல்யாண வீடுகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் முஸ்லிம் அம்மாள் ஒருவர்தான் நின்று பதில் சொன்னவர். கத்தரிக்காய்க் குழம்புக்கு அவருக்கு நிறையப் புளி வேண்டும்.

“கொட்டையும் நாரும் எடுத்துட்டுக் குடும்மா. உப்பு மட்டும் வேணாம். உப்பு போட்டா எடைக்குப் போட்டீங்கன்னுதான் நெனைப்போம்.”

எங்கள் மலையில் உப்பிடாத புளியை யாரும் வைத்துக்கொள்வதில்லை. பிசறிப் பானையில் அழுத்தி வைப்பதுதான் வழக்கம். உறவுக்காரருக்குக் கொடுத்தாலும் உப்பிட்டுக் கொடுப்பதுதான் மரியாதை. அம்மா அந்த வழக்கத்தை விட்டார். கொட்டை நீக்கி, ஒரு வாரச் சமையலுக்கு ஆகும் அளவில் ‘உண்டை’ பிடித்து, மந்தார இலையில் கட்டி, வாரா வாரம் புதிதாகக் கொண்டுபோனார். மதியத்துக்குள் கூடை காலியாகும்.

அந்த வருஷம் லாரி வந்தபோது அம்மா, “நான் வர்லண்ணா” என்றார்.

“புளி வித்து மாடி வூடு கட்டப்போறியா?” என்றார் கங்காணி.

“கட்னா மொதப் பந்தியில ஒனக்குத்தாண்ணா எலை.”

நினைவு தெரிந்து அம்மா வீட்டிலிருந்த ஒரே மழைக்காலம் அதுதான்.

அடுத்த வருஷம் அப்பாவுக்கு ஆசை வந்தது. ஊரிலிருந்த புளிய மரங்களையெல்லாம் குத்தகை பேசி முடித்தார். எஸ்டேட்டுக்குப் போகிற பெண்களையும் அம்மா பேசி நிறுத்தி, மாட்டுக் கொட்டகையில் கொட்டை எடுக்க உட்கார்த்தினார். கொட்டகையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் அவரால் சந்தைக்குப் போக முடியவில்லை. சேர்த்து ஒரே தடவையாக விற்றுக்கொள்ளலாம் என்றார் அப்பா. புளி மலையாகக் குவிந்திருந்த நேரத்தில் கோடை மழை முந்திக்கொண்டது. அப்பா உப்பு மூட்டையை இறக்கினார்.

“வாங்கறவங்க வேணாம்னு சொல்லியிருக்காங்க. பாதியாச்சும் இப்பவே எறக்கி வித்துட்டு வர்லாம்” என்றார் அம்மா.

“நம்ம புளிய நமக்குத் தெரியாதா? டவுனுக்காரிக்கு இன்னா தெரியும்?”

அப்பா ஏமாற்ற நினைக்கவில்லை என்பதை இங்கே எழுதியாக வேண்டும். தன் வீட்டுப் பானைக்கு எப்படிப் போடுவாரோ, அதே சுத்தமான கல்லுப்பைத்தான் அந்தக் குவியலுக்கும் போட்டார்.

உப்பிட்ட புளியை விற்கச் சந்தைக்குப் போன அன்று என்னையும் கூட்டிப் போனார்கள். பெண்கள் வந்தார்கள், ஒரு துளி கிள்ளி நாக்கில் வைத்தார்கள், உண்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்கள். கெட்டுப்போகாமலிருக்கப் போட்ட உப்பு என்று அப்பா சத்தியம் செய்யச் செய்ய, நின்றிருந்தவர்களும் விலகினார்கள். வாணியம்பாடி அம்மாளும் கிள்ளிப் பார்த்தார். கோபப்படவில்லை.

“நீயுமாம்மா?” என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த கூடைக்குப் போனார்.

மண்டியிலும் எடுக்கவில்லை. கொட்டகைக்கே திரும்பி வந்த புளி, மழைக்காலத்தில் உப்பு நீர் விட்டுக் கசிந்தது. வாசல் வரை கறுப்பாக ஓடியது. அதற்கு முன்பே லாரி வந்துவிட்டிருந்தது. இந்த முறை கங்காணி எதுவும் கேலி பேசவில்லை. தான் நிறுத்தி வைத்த பெண்களோடு அம்மாவும் ஏறிக்கொண்டார். பிறகு ஒவ்வொரு வருஷமும் ஏறினார்.

இப்போது திருப்பத்தூரில் சிறு தொழில் செய்பவர்களுக்குக் கணக்கு எழுதித் தருகிறேன். புதிதாகத் தொடங்க வருகிறவர்கள் இயந்திரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், கடனைப் பற்றிப் பேசுகிறார்கள். வாங்குகிறவர் என்ன சொன்னார் என்று கேட்டால் விழிக்கிறார்கள். ஒரு தடவை கேட்டவர்களும் அதோடு தெரிந்துவிட்டது என்று நிறுத்திக்கொள்கிறார்கள். நானும் சொல்வதை விட்டுவிட்டேன்.

கொட்டை நீக்கிய, உப்பில்லாத புளி இன்று எல்லாக் கடைகளிலும் பொட்டலமாகத் தொங்குகிறது. எங்கள் ஊர் மரங்களைச் சமவெளியிலிருந்து வரும் வியாபாரிகள் குத்தகைக்கு எடுத்து, தங்கள் ஆட்களை வைத்தே உலுக்கிக் கொள்கிறார்கள். கொட்டகை இல்லை. அப்பாவும் அம்மாவும் இல்லை. அந்த உப்புக்குப் பிறகு, ஒவ்வொரு மாசியிலும் எஸ்டேட்டிலிருந்து திரும்பும் அம்மா, சந்தைக்குக் கூப்பிட்டால் வேண்டாமென்று தலையை மட்டும் அசைப்பார். எனக்குச் சோறு போடும்போதும் முன்போலப் போதுமா என்று கேட்கமாட்டார். சட்டியில் இருந்ததைத் தட்டில் கவிழ்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்.