எங்கள் பேஸ்பால் டீமும் முதல் நான்கு ஞாயிறும்

பேஸ்பால் டீம் மேனேஜர் என்றால் பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். யாங்கூனில் அது ஞாயிறு காலை ஐந்து மணிக்குப் போன் போட்டு ஆளை எழுப்புகிற வேலை. நாலு பேரைக் கூட்டி எதையாவது நடத்திப் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும். எங்கள் தாகேதா பேட்டை டீமில் இருந்ததே ஒன்பது பேர். ஆட்டத்துக்கு வேண்டியதும் ஒன்பது பேர். ஒரு வாரம் ஆள் குறைந்தாலும் லீக்கிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். அதெல்லாம் நடந்து மூன்று வருடம் ஆகிவிட்டது; ஞாயிறு காலை ஐந்து மணிக்கு இன்னமும் தானாக விழிப்பு வந்துவிடுகிறது.

காலும் உதவும்

முதல் ஆட்டம், மிங்கலாடோன் பக்கம் ஒரு மைதானத்தில். எங்கள் மாரி சின்ன வயதிலிருந்து சின்லோன் ஆடியவன். பிரம்புப் பந்தைக் கீழே விழவிடாமல் காலாலேயே தட்டிக்கொண்டிருப்பார்களே, அந்த ஆட்டம். கடைசி நேரத்தில் உயரமாக வந்த பந்து அவன் கிளவுஸில் பட்டு நழுவியது. பயல் பதறவே இல்லை. முழங்காலால் ஒரு தட்டு, பாதத்தால் ஒரு தட்டு, மேலே எழும்பிய பந்தை நிதானமாகக் கையில் வாங்கிக்கொண்டான்.

எதிர் டீம் கத்திய கத்தலில் காக்கைகள் எல்லாம் பறந்துவிட்டன. அம்பயர் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டி, அவுட் கொடுத்தார். ஜெயித்துவிட்டோம். சண்டைக்கு வந்தவர்களிடம் அம்பயர் சொன்னார்: "பந்து தரையில படக்கூடாதுன்னுதான் போட்டிருக்கு. காலு ஒத்தாசை பண்ணக்கூடாதுன்னு எங்கயும் போடல."

தலையைத் தொடலாமா?

இரண்டாவது ஆட்டம் சமநிலையில் இருந்தது. எதிர் டீமில் ஊ தான் மாங் என்ற பெரியவர் கடைசி ஓட்டத்துக்கு ஓடி வந்து, தலை முன்னால் வர தரையோடு பாய்ந்தார். எங்கள் கேட்ச்சர் செல்வத்தின் கையில் பந்து தயாராக இருந்தது. அவர் பேஸ் பலகையை எட்டுமுன் பந்தால் அவரைத் தொட்டால் போதும், அவுட். ஆனால் எட்டிய இடத்தில் இருந்தது அவர் தலை மட்டும்தான்.

பெரியவர் தலையில் கை வைப்பதாவது! செல்வம் முறைப்படி "கடோ, கடோ" என்று பணிவாக மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொட்டான். அதற்குள் அவர் பேஸைத் தொட்டு, எழுந்து, மண்ணையும் தட்டிக்கொண்டார். ஆட்டம் போச்சு. நான் குதித்த குதியில் என் லுங்கி அவிழ்ந்ததுதான் மிச்சம். செல்வம் என்னைத் தனியாக இழுத்துப் போய்ச் சொன்னான்: "அண்ணே, அவருதான் எங்க கம்பெனி சூப்பர்வைசர். நாளைக்குக் காலையில நான் அவரு மூஞ்சியிலதானே முழிக்கணும்?"

மாரியின் ஏஜெண்ட்

மூன்றாவது ஆட்டத்தில் படுதோல்வி. யாருக்கும் மனசு ஆட்டத்தில் இல்லை. மலேசியா போக மாரிக்கு ஏஜெண்ட் மூலமாக வேலை விசா வந்துவிட்டது, புதன்கிழமை பயணம் என்று காலையில்தான் தெரிந்தது. ஆட்டம் முடிந்து டீக்கடையில் லப்பே தோ, அதாங்க, நம் தேயிலைச் சாலட்டைச் சொல்லிவிட்டு நானும் மாரியும் உட்கார்ந்திருந்தோம். "அந்தப் பயணத்தைச் சீசன் முடிந்தபிறகு வைத்துக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்க வாய்வரை வந்தது. என் மகன் வயசு அவனுக்கு. தட்டை அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவனே தட்டைப் பார்த்தபடி சொன்னான்: "நீங்க போகாதேன்னா நின்னுருவேண்ணே. அதனால சொல்லிராதீங்க."

ஒன்பதாவது ஆள்

நான்காவது ஞாயிறு எட்டுப் பேர்தான். அம்பயர் ஆளை எண்ண ஆரம்பித்ததும், ஐம்பத்து மூன்று வயதில் நானே மைதானத்தில் இறங்கினேன். பந்து என் பக்கம் வரக்கூடாது என்று தாகேதா மாரியம்மனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன். கடைசியில் என் பக்கம்தான் வந்தது. கண்ணை மூடிக் கையை நீட்டினேன். திறந்து பார்த்தால் கிளவுஸுக்குள் பந்து!

ஜெயித்தோம். பயல்கள் என்னைத் தூக்கப் பார்த்து, முடியாமல், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவ்வளவு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட எனக்கு இல்லை. எல்லாரும் விலகிய பிறகும் செல்வம் மட்டும் என் தோளை விடவில்லை. காதோரம் மெல்லச் சொன்னான்: "கோவிச்சுக்காதீங்கண்ணே, அடுத்த மாசம் எனக்கும் விசா வந்துரும்."

அந்த வருடம் முதல் நான்கில் இரண்டு ஜெயித்தோம், இரண்டு தோற்றோம் என்று இன்றும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். ஆள் கணக்கை மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள்.