சம்பந்திக்குக் கொண்டுபோன செவ்வந்தி

மகள் வேலைக்காகத் தெற்குப் பிரான்சுக்குப் போனாள். போன இடத்தில் ஒரு பிரெஞ்சுக்காரப் பையனைப் பிடித்துக்கொண்டாள். அதை நாங்கள் ஒருவாறு விழுங்கிவிட்டோம். பிறகு வந்த இழுபறி கலியாண நாள் பற்றியது. பையனின் தாய்க்குப் புற்றுநோய். அந்த மனுசி கண்மூடுவதற்குள் தாலி ஏற வேண்டும் என்று மகள் நின்றாள். ஆவணியில்தான் பொருத்தமான நாள் இருக்கிறது என்று ஐயர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு என் மனைவி நின்றாள். நடுவில் மத்தளம் போல நான். நேரில் போய்ப் பேசித் தீர்ப்போம் என்று, பங்குனி பிறந்த கையோடு பாரிசில் ரயிலேறினோம்.

சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா? மனைவி, பாரிசில் எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கும் லாச்சப்பல் முழுக்க அலைந்து மஞ்சள் செவ்வந்திச் சட்டி ஒன்று வாங்கினாள். அதைப் பையால் சுற்றி மூடி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். யாருக்கும் பிரித்துக் காட்டவில்லை, கண்ணூறு பட்டுவிடுமாம்.

ரயில் நிலையத்தில் மகளும் பையனும் காரோடு நின்றார்கள். தாய் மருந்து மயக்கத்தில் நித்திரை, மத்தியானம்தான் எழும்புவார், அதுவரை மலையூர்களைச் சுற்றிக் காட்டுகிறேன் என்றான் பையன்.

வாதுமை மரங்கள் பூத்திருந்தன. ஆனால் காற்று எலும்பைக் குடைந்தது. கல்வீடுகளில் யன்னல்கள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. கோடையில்தான் ஆட்கள் வருவார்களாம். ஊருக்கு ஊர் நடுச்சந்தியில், போரில் செத்தவர்களின் பெயர் வெட்டிய கல் நின்றது. ஓர் ஊரில் அந்தக் கல்லில் இருந்த பெயர்களை விடக் கதவு திறந்த வீடுகள் குறைவு.

“இஞ்சை சனமே இல்லையோ?” என்றாள் மனைவி.

“இருந்தவையும் எங்களைப் போல பாரிசுக்கு ஓடிவந்திட்டினம்” என்றேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

கடைசி ஊரில் தேவாலயத்துக்குப் பக்கத்தில் சவக்காலை. நல்ல காரியத்துக்குப் போகும்போது அதையெல்லாம் பார்க்கக்கூடாது என்று மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். கல்லறைகளின் மேல் காய்ந்துபோன பூச்சட்டிகள். என்ன பூ என்று கவனிக்கவில்லை.

வீட்டில் அந்த அம்மா தலையில் துணி கட்டிக் கதிரையில் இருந்தார். எங்களைக் கண்டு எழும்பப் பார்த்தார், முடியவில்லை. மனைவி பையைப் பிரித்து, சட்டியை இரண்டு கையாலும் நீட்டினாள்.

“மங்களமான பூ எண்டு சொல்லு பிள்ளை.”

மகளின் முகம் வெளிறிவிட்டது. இந்த நாட்டில் இது செத்தவர்களுக்கு மட்டும் வைக்கிற பூ என்று தாழ்ந்த குரலில் பிரெஞ்சில் சொன்னாள். என் மனைவியின் பிரெஞ்சு கடைத்தெருப் பிரெஞ்சு. ஆனாலும் சாவைச் சொல்லும் ‘மோர்’ அவளுக்கு விளங்கியது. இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும் எங்களுக்கு இது தெரியாது. எங்கள் ஆட்களை நாங்கள் எரிக்கிறோம், கல்லறைப் பக்கம் எங்களுக்கு என்ன வேலை? லாச்சப்பலில் செவ்வந்தி பூசைக்கும் மாலைக்கும் உள்ள பூ.

பையன் சட்டியை வெளியே கொண்டுபோகப் பார்த்தான். தாய் அவனைத் தடுத்து, அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். எங்களோடு எப்போதும் பிரெஞ்சில் பேசும் மகள், அதைத் தமிழில் சொன்னாள்.

“பூ கொஞ்சம் முந்தி வந்திட்டுதாம். கனக்க முந்தியில்லையாம்.”

மனைவி கதிரையடியில் நிலத்தில் குந்தி அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கலியாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

திரும்பும் ரயிலில் அவள் ஐயருக்குப் போன் அடித்தாள். நல்ல நேரம் பார்க்காமல் சட்டி பானைகூட வாங்காதவள்.

“இந்த மாசத்துக்குள்ளை ஒரு நாள் சொல்லுங்கோ ஐயா.”

பங்குனியில் எங்கள் ஆட்கள் கலியாணம் வைப்பதில்லை. ஐயர் அதைத்தான் விளக்கியிருப்பார், நீண்ட நேரம் பேசினார். அவர் முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

“ஓம், பங்குனிதான், எனக்கும் தெரியும்” என்றாள். “நாள் பாக்கிறதுக்கு அங்கை நாள் இல்லை ஐயா.”