பாசி தின்ன வந்தவர்கள்

மீன் தொட்டிக்குப் பாசி தின்னும் ஜீவனைப் பார்த்துப் பொறுக்கியெடுப்பதில் பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு வரைக்கும் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

சரி, பொய். நான் பொறுக்கிய முதல் ஜீவன் பாசியைத் தொடவே இல்லை, மீனைத் தின்றது. இரண்டாவது பாசியைத் தின்றது, ஆனால் தொட்டிக்குள் தங்கவில்லை. மூன்றாவதில் என் பங்கு எவ்வளவு என்று நீங்களே முடிவு கட்டிக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்துப் பக்கம் நான் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. கொழிஞ்சாம்பாறையில் ஒதுங்குகிற அளவுக்கு மழை எங்கே பெய்கிறது? எழுத்துப் படித்ததெல்லாம் காப்பிக் கிளப்பின் பலகையைப் பார்த்துத்தான். இட்லி, வடை, சுக்குக் காப்பி என்கிற எழுத்துகளை வைத்துக்கொண்டே இவ்வளவையும் எழுதுகிறேன். பிழை இருந்தால் பலகை எழுதியவனைக் கேளுங்கள்.

கேரளம் என்று புதிதாக ஒரு ராஜ்யம் உண்டாகி, நாங்கள் இருந்த இடத்தில் இருந்துகொண்டே அதற்குள் போய் விழுந்திருந்த சமயம் அது. பொள்ளாச்சி பஸ் நிற்கும் இடத்துக்கு நேரே எங்கள் கிளப். நான் அங்கே டம்ளர் கழுவுகிறவன், தண்ணீர் சேந்துகிறவன். முதலாளி நல்ல மனிதர். ரோஷம்தான் கொஞ்சம் கூடுதல். எதிர்ச்சாரியில் இருந்த கிளப்காரர் ஒரு ரேடியோ வாங்கி வைத்துவிட்டார். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் எல்லாம் பாட்டுக் கேட்கிற பக்கமே போனார்கள். எங்கள் இட்லி ஆறிப் போனது.

முதலாளி கோயமுத்தூர் போனார். திரும்பி வரும்போது ஒரு கண்ணாடித் தொட்டியும், ஒரு தூக்குப்போசி நிறையத் தண்ணீரும், அதற்குள் ஐந்து சிவப்பு மீனும் கொண்டுவந்தார். மீன் குலுங்கக்கூடாது என்று வழியெல்லாம் போசியை மடியில் வைத்துத் தான் குலுங்கி வந்திருக்கிறார். வேட்டி முழங்கால் வரைக்கும் ஈரம்.

அவர் சம்சாரத்தை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தது.

"ரேடியோப் பொட்டி பாட்டுப் பாடுது. உங்க மீனு என்னுங்க பண்ணும்?"

"நீந்தும்."

"அதைய நம்ம கெணத்து மீனே பண்ணுது."

ஆனால் முதலாளி கணக்குத் தப்பவில்லை. பஸ்ஸில் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமென்று முன்வாசலில், கல்லாவுக்குப் பக்கத்தில், வெயில் நேராக அடிக்கிற இடத்தில் தொட்டியை வைத்தார். சிவப்பு மீன் வெயிலில் மின்னியது. ஜனம் வந்தது. எதிர்க் கடை ரேடியோ யாரும் இல்லாமல் தனக்குத் தானே பாடிக்கொண்டிருந்தது. தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று முதலாளி சொன்னபோது, "எனக்குத் தெரியாத மீனா மொதலாளி?" என்று நானே போய்த் தலையைக் கொடுத்தேன்.

கொஞ்ச நாளில் தண்ணீர் பச்சையாயிற்று. கண்ணாடியில் உள்பக்கமாகப் பாசி ஏறி, மீன் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. நான் துடைப்பேன். மறுநாளே திரும்பப் பிடிக்கும். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏனுங்க, கொத்தமல்லிச் சட்னிய இத்தாப் பெரிய ஏனத்துலயா அரைச்சு வெப்பீங்க?"

எதிர்க் கடையில் ஒரே சிரிப்பு. முதலாளி முகம் சுக்குக் காப்பி நிறத்துக்குப் போனது. கடையைச் சாத்துகிறபோது என்னைக் கூப்பிட்டார்.

"டேய், வர்ற சந்தைக்குள்ள மீனு கண்ணுல தெரியோணும். மீனு தெரியலீன்னா நீயும் இங்க தெரியக்கூடாது. சொல்லிப்போட்டேன்."

கிளப்பை விட்டால் அண்ணன் தோட்டத்தில் கவலை ஓட்டித் தண்ணீர் இறைப்பதுதான் எனக்குக் கதி. மாட்டைப் பூட்டிக் கிணற்று மேட்டிலிருந்து இறங்குவது, மறுபடி பின்னாலேயே ஏறுவது. நாளெல்லாம் நடந்தாலும் எங்கேயும் போய்ச் சேராத வேலை அது. அதைவிட டம்ளர் கழுவுவது எவ்வளவோ மேல். வடையும் உண்டு.

அந்தப் பயத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. அது வேலை செய்தால் எப்போதும் ஆபத்துத்தான். எங்கள் பக்கம் குடிதண்ணீர்க் கிணறு வெட்டினால் அதில் ஒரு விரால் மீனைக் கொண்டுவந்து விடுவார்கள். பூச்சி, புழு அண்டாது, தண்ணீர் தெளிவாகக் கிடக்கும். ஊரில் எந்தக் கிணற்றை எட்டிப் பார்த்தாலும் அடியில் ஒரு கறுத்த ஆள் படுத்திருப்பார்.

"மொதலாளி, நம்ம கெணத்துல பாசி இருக்குதுங்களா?"

"இல்ல."

"ஏன் இல்ல? உள்ள ஆளு இருக்கறானுங்க!"

முதலாளிக்கும் அது நியாயமாகப் பட்டது. பிறந்ததிலிருந்து விரால் கிடந்த கிணற்றுத் தண்ணீரையே குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும். வேறெப்படி யோசிப்போம்? அக்கா மட்டும் கரண்டியும் கையுமாக நின்று கேட்டது:

"ஏன் கண்ணு, அது பாசி திங்கறத நீ பாத்திருக்கியா?"

"கெணத்துல வேற என்னத்தத்தான் அக்கா திங்கும்? இட்லியா கொண்டு போயிப் போடறோம்?"

முழங்கை நீள விராலை வாளியில் சேந்திக் கொண்டுவந்து தொட்டியில் விட்டேன். காலையில் பார்த்தால் பாசி அப்படியே இருந்தது. மீன்தான் குறைந்திருந்தது. ஒரே ஒரு சிவப்பு மீன் மூலைக் கல்லுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்தது. விரால் நடுத் தொட்டியில், கல்யாண விருந்து முடித்த சம்பந்தி மாதிரி அசையாமல் கிடந்தது.

"குழம்பு வெச்சுப் போடட்டுங்களா?" என்றது அக்கா.

"வேண்டாம். அதுக்குள்ள என்ற மீனுக இருக்குது. மடியில வெச்சுக் கொண்டாந்தது" என்று முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். விராலைத் திரும்பக் கிணற்றிலேயே விட்டேன். அது முன்னைவிடக் கனமாக இருந்தது.

இரண்டாவதாக, ஆற்றில் பாறையை ஒட்டிக்கொண்டு நக்கிக்கொண்டே கிடக்கும் விரல் நீள மீன்களைத் துண்டு விரித்துப் பிடித்து வந்தேன். இந்தத் தடவை தின்பதைக் கண்ணால் பார்த்துவிட்டே எடுத்தேன். அவ்வளவு புத்தி வந்திருந்தது. தொட்டியில் விட்டதும் கண்ணாடியில் வாயை ஒட்டி ஒரே மேய்ச்சல். "பாத்தீங்களா மொதலாளி!" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, ஒன்று துள்ளி அவர் கல்லாவில் விழுந்தது. அவர் அதை எடுப்பதற்குள் இன்னொன்று, கண்டக்டர் ஒருவரின் காப்பி டம்ளரில். ஓடுகிற தண்ணீரில் வளர்ந்ததுகளுக்கு நிற்கிற தண்ணீர் பிடிக்குமா? பொழுது சாய்வதற்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. கண்டக்டர் அப்புறம் எதிர்க் கடைக்கே போனார், பாட்டுக்காக இல்லை.

நாளைக்குச் சந்தை. நான் பின்பக்கம் மாட்டுத் தொட்டி மேல் உட்கார்ந்து, கவலை ஓட்டப் போகிற என் காலை நானே அமுக்கி விட்டுக்கொண்டிருந்தேன். மாடு தண்ணீர் குடிக்கும் கல் தொட்டி அது. சுவரெல்லாம் பாசி. ஆனால் அந்தப் பாசிக்கு நடுவே, யாரோ விரலால் வழித்த மாதிரி, வளைந்து வளைந்து வெள்ளையாகக் கோடு போயிருந்தது. கோட்டைப் பிடித்துக்கொண்டே போனேன். முடிகிற இடத்தில் ஒரு நத்தை.

இரண்டு கை நிறைய நத்தை அள்ளிக்கொண்டு ஓடினேன்.

அங்கே அக்கா, என்னையோ முதலாளியையோ ஒரு வார்த்தை கேட்காமல், பாசித் தண்ணீரைப் பாதி மொண்டு கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி, வெயில் அடிக்கிற பக்கம் ஒரு சாக்கைக் கட்டித் தொங்கவிட்டிருந்தது. முதலாளி பதறினார்.

"சாக்கு கட்டுனா வர்றவிகளுக்கு எப்பிடித் தெரியும்?"

"பச்சையாக் கெடந்தா மட்டும் தெரியுதாக்கும்? வெயில்ல வெச்சா எந்தத் தொட்டிதான் பாசி புடிக்காம இருக்கும்?"

நான் சத்தமில்லாமல் நத்தைகளை உள்ளே விட்டேன்.

மறுநாள் காலை பஸ் வந்ததும் முதலாளி சாக்கை விலக்கினார். கண்ணாடி முழுக்க வெள்ளைக் கோடு, கோட்டுக்கு நடுவே மிச்சமிருந்த அந்த ஒற்றைச் சிவப்பு மீன். அதை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் நத்தை மேல்தான். நத்தையை முதுகுப் பக்கமாகத்தானே எல்லாரும் பார்த்திருக்கிறோம்? கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அது மேயும்போது அடிப்பக்கம் தெரிகிறது. குட்டி வாய் ஒன்று திறந்து மூடித் திறந்து மூடி, பல்லில்லாத கிழவர் முறுக்குத் தின்கிற மாதிரி அரைத்துக்கொண்டே போகிறது. "அடேயப்பா, வாயப் பாருங்க, வாயப் பாருங்க!" என்று ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். எதிர்க் கடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரோடு இங்கே வந்து நின்றார்கள். அந்தக் கண்டக்டரும்தான்.

முதலாளி கல்லாவிலிருந்தபடி என்னைப் பார்த்தார்.

"போயி டம்ளரக் கழுவு. நெறையக் கெடக்குது."

வேலை பிழைத்தது. நான் பேசாமல் போயிருக்க வேண்டும். கூட்டத்தில் ஒருவர், "இது எங்கத்த நத்தைங்க?" என்று கேட்டார். எனக்கு நாக்கு அரித்தது. "சீமையிலிருந்து கப்பல்ல வந்துதுங்க, பாசி திங்கறதுக்குன்னே படிச்ச நத்தை" என்று எடுத்துவிட்டேன். அப்போது பின்னாலிருந்து ஒரு விவசாயி முன்னால் வந்து, குனிந்து பார்த்து, நிமிர்ந்து, ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"ஏப்பா, எங்க ஊட்டு வயல்ல நாத்தைத் திங்கறது இதுதானப்பா? இதுக்குக் கப்பல்ல யாரு சீட்டு எடுத்தா?"

கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. முதலாளியும் திரும்பினார். அதற்கு நான் சொன்னேன் பாருங்கள் ஒரு பதில், அந்தப் பதில்—

"ஏனுங்க! உங்க நத்தை தொட்டிய உட்டு ஏறி அடுப்பு மேட்டுக்கு வந்துருச்சு! வந்து எடுக்கறீங்களா, இல்ல கொழம்புல தள்ளட்டுங்களா?"

இப்போது அடுப்படியிலிருந்து கத்துவது என் வீட்டுக்காரிதான். சொன்னால் செய்துவிடுவாள். போகிறேன்.